மாமனார் படுக்கும் வீடு

நமுனுகுல மலைச்சரிவில் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் குடியிருக்க வரிசை வீடுகளாகப் புது லயம் எழும்பிய வருஷம், நான் பொறாமையிலேயே இளைத்துப் போனேன். சும்மா சொல்லவில்லை, கை வளையல் தானாகக் கழன்று விழுந்தது.

அந்த லயம் துரையின் சொந்தப் பணத்தில் வந்ததல்ல. உழைக்க முடியாத காலத்துக்கென்று ஆட்களின் சம்பளத்தில் மாதா மாதம் பிடித்து வைத்திருந்த சேமிப்பை எடுத்துத்தான் கட்டினார்கள். அதனால், அந்தப் பணம் போட்ட கிழடுகள் எந்த வீட்டில் இருக்கிறார்களோ அந்த வீட்டுக்கே புது லயத்தில் ஒரு காம்பரா வீடு என்று, காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டில் கணக்கப்பிள்ளை சொல்லிவிட்டார்.

எங்கள் குடும்பத்தில் பணம் போட்டிருந்தவர் என் மாமனார். முந்தின மழைக்காலம் வரை என்னோடுதான் இருந்தார். ஓயாமல் இருமுகிறார் என்று முகத்தைச் சுளித்துச் சுளித்து, நானே அவரைக் கொழுந்தன் பெண்டாட்டி, என் ஓரகத்தி வீட்டுக்குக் கிளப்பிவிட்டேன். எனக்குப் பிள்ளைகள் இரண்டு, அவளுக்கு நாலு. முகம் கோணாமல் அவருக்குப் பாய் விரித்துக் கொடுத்தாள். அப்போது அவளைச் சரியான மக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

பெரட்டில் சேதி கேட்ட அன்றே மாமனாருக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். மறுநாள் ரொட்டியும் சம்பலும். "மாமா, நம்ம வீட்டுக்கே வந்துருங்களேன்" என்று தினமும் குழைந்தேன். "ஆகட்டும் ஆத்தா" என்று சாப்பிட்டுவிட்டு அவர் அங்கேயே படுக்கப் போய்விடுவார். ஓரகத்தி எல்லாவற்றையும் பார்த்தும் அவரைத் தடுக்கவில்லை. நல்லவள் வேஷம் போடுகிறாள் என்று புருஷனிடம் பொருமினேன்.

"நீதானே தொரத்துன" என்றார். மூன்று நாள் அவரோடு நான் பேசவில்லை.

பேர் எழுதக் கணக்கப்பிள்ளை லயத்துக்கே வந்தார். "பெரியவரே, எந்த மருமக வீட்டுல இருக்கீங்க?"

நான் முந்திக்கொண்டேன். "எங்க வீட்டுலதாங்க. ஒரு மாசமா எங்கிட்டதான் சாப்புடுறாரு."

மாமனார் என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ஆமாங்க, சோறு பெரியவ வீட்டுல. படுக்கிறது மழ நாள்லேருந்து சின்னவ வீட்டுல."

கணக்கப்பிள்ளை சிரித்துக்கொண்டே கொழுந்தன் பேரை எழுதிக்கொண்டு போனார்.

பால் காய்ச்சும் அன்று போகவே கூடாது என்றிருந்தேன். அவள் வந்து கையைப் பிடித்தாள். "நீங்க இல்லாம எப்புடிக்கா?" குறை கண்டுபிடிக்கலாம் என்றுதான் போனேன். கல்சுவர், தகரக் கூரை, ஒரு குறையும் இல்லை. பழைய லயத்தில் கதவை விட்டால் வெளிச்சத்துக்கு வழி கிடையாது. இங்கே சன்னல் இருந்தது. அதை அவள் சாக்குப் போட்டு இறுக்கி அடைத்திருந்தாள்.

"மாமாவுக்குக் குளிர்காத்து ஆகாதுக்கா" என்றாள்.

நானாக இருந்தால் அந்தச் சன்னலை அடைத்திருக்க மாட்டேன். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அன்றோடு காம்பரா மேலிருந்த பொறாமை போய்விட்டது. அவள் மேல் வந்த பொறாமை இன்னும் போகவில்லை.