ஒற்றைக் கால் வணக்கம்

மூன்றாம் வகுப்பு டீச்சருக்குத் "தெரியாது" என்ற சொல் மட்டும் வாயில் வராது. மற்றபடி பேச்சு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. இந்த ஒரு சொல்தான் தொண்டையிலேயே சண்டி மாடு போலப் படுத்துக்கொள்ளும். அதற்குப் பதிலாக வேறு ஏதாவது ஒன்று வெளியே வந்து விழும். தெருவில் யாராவது வழி கேட்டால், அந்த இடத்தைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார். ஆனாலும் கை தானாக உயர்ந்து, "நேராப் போய் ரெண்டாவது திருப்பத்துல இடது பக்கம் போங்க" என்று வாய் சொல்லிவிடும்.

கணவர் அவருக்கு வாய்த்ததே அப்படித்தான். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது என்று தகவல் வந்து, இடம் தேடி அலைந்தவர், பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்த இவரிடம் வழி கேட்டார். சொன்ன வழி ஒரு மரக்கடைக்குள் போய் முடிந்தது. திரும்பி வந்து மறுபடியும் கேட்டார். இந்த முறை வழி ஆற்றங்கரையில் போய் முடிந்தது. அதற்குப் பிறகும் அவருக்குக் கோபம் வரவில்லை. "நீங்களே கூட வந்து காட்டிடுங்களேன்" என்றார். இருவரும் சாயங்காலம் வரை தேடினார்கள். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் எப்படியோ தாங்களாகவே வெளியே வந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். இவர்களுக்குக் கல்யாணம் ஆயிற்று.

வகுப்பறையில் இந்தக் குணத்தால் பெரிய சேதம் எதுவும் ஏற்படவில்லை. புத்தகத்தில் இருப்பது டீச்சருக்கு நிஜமாகவே தெரியும். புத்தகத்துக்கு வெளியே கேட்கிற ஆள் ஒருத்திதான். அவளுக்கு வகுப்பில் "எதுக்கு" என்றே பெயர்.

"ஒட்டகச்சிவிங்கி எதுக்கு டீச்சர் சத்தமே போடறதில்ல?"

"கழுத்து நீளம் இல்லையா? சத்தம் மேல வந்து சேர்றதுக்குள்ள என்ன சொல்ல வந்தோம்னு அதுக்கு மறந்துடும்."

எதுக்கு தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். மற்ற பிள்ளைகள் அதையும் நோட்டில் எழுதிக்கொள்வார்கள்.

இப்படியே ஓய்வு பெற்றிருக்கலாம். ஆனால் புதிதாக வந்த தலைமையாசிரியர் ஏதோ ஒரு பயிற்சிக்குப் போய் ஆளே மாறித் திரும்பினார். கேட்டுப் படிப்பது படிப்பே அல்ல, கையால் செய்து பார்ப்பதுதான் படிப்பு என்று ஒற்றைக் காலில் நின்றார். பேச்சுக்குச் சொல்வது இது. நிஜமாகவே நின்றது பிறகு. சாக்பீஸ் டப்பாக்களையெல்லாம் வாங்கித் தன் பீரோவில் வைத்துப் பூட்டினார். நான்காம் வகுப்பு சோப்புக் காய்ச்சியது. அந்த வாரம் முழுக்கப் பள்ளிக்கூடம் வழுக்கியது. இரண்டாம் வகுப்பு, வரிசையாகப் படுத்து, தாழ்வாரத்தைத் தங்கள் உடம்பாலேயே அளந்தது. கிளார்க் டீ டம்ளரோடு ஒவ்வொரு பிள்ளையாகத் தாண்டிப் போனார். கடைசியில் அரைப் பிள்ளைக்கு இடம் மிஞ்சியது. யாரையும் பாதியாக்க முடியாதே என்று, இருப்பதிலேயே குட்டையானவனைத் தேடிப் பிடித்து முழங்காலை மடக்கிப் படுக்க வைத்தார்கள்.

அதற்கு அடுத்து வந்ததுதான் பண்பாட்டுப் பரிமாற்றம். கடலுக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு பள்ளிக்கூடத்துக்கு இங்கிருந்து ஒரு பெட்டி போகும். அங்கிருந்து ஒரு பெட்டி இங்கே வரும். அன்றாடம் புழங்கும் பொருள்கள் மட்டுமே பெட்டியில் இருக்க வேண்டும். கடிதம் கூடாது, விளக்கம் கூடாது, போட்டோ மட்டும் அனுப்பிக்கொள்ளலாம்.

"வாய் எதுக்கு? பொருள் பேசட்டும், கை கேட்கட்டும்" என்றார் தலைமையாசிரியர்.

கை எதைக் கேட்டதோ, இங்கிருந்து போன துணி க்ளிப்புகளை அந்த ஊர்ப் பிள்ளைகள் ஆளுக்கு இரண்டாகக் காதில் மாட்டிக்கொண்டு போட்டோ அனுப்பினார்கள். நம் பண்பாட்டை எவ்வளவு மதிக்கிறார்கள் என்று தலைமையாசிரியருக்குக் கண் கலங்கியது.

அங்கிருந்து வந்த பெட்டியை மூன்றாம் வகுப்பில் பிரித்தார்கள். கம்பளித் தொப்பி, மரக் கரண்டி, விசில், துணிப் பொம்மை என்று ஒவ்வொன்றாக வந்தது. அதிலெல்லாம் சிக்கல் இல்லை. எல்லாவற்றுக்கும் அடியில், கசக்கிய காகிதங்களுக்கு நடுவே, ஒரு மரக் குமிழ் கிடந்தது. உள்ளங்கை நிறையும் உருண்டை. அதன் தலையில் ஒரு குட்டைக் காம்பு. கருஞ்சிவப்பு நிறத்தில் பளபளவென்று இருந்தது.

"இது எதுக்கு டீச்சர்?"

டீச்சர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பம்பரமா? இல்லை. ஏதாவது பாத்திரத்தின் மூடியா? அதுவும் இல்லை. வகுப்பே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாய் திறந்துகொண்டது.

"இதுவா? இது வரவேற்புக் குமிழ். அவங்க ஊர்ல வீட்டுக்கு யாராவது வந்தா, இதை நெத்திக்கு நேரா மூணு சுத்து சுத்திட்டு வந்தவங்க கையில குடுப்பாங்க. வாங்கினவங்க ஒத்தக் கால்ல நிக்கணும்."

"எதுக்கு ஒத்தக் கால்ல?"

"ரொம்ப நேரம் தங்கி உங்களுக்குத் தொந்தரவு குடுக்க மாட்டேன்னு அர்த்தம்."

"எவ்வளவு நேரம் நிக்கணும்?"

"எதிர்ல இருக்கறவங்க போதும்னு சொல்ற வரைக்கும். அதுக்கு முன்னாடி கால ஊனினா மரியாதை இல்ல."

சொல்லி முடித்ததும் அவருக்கே அது மிகவும் பொருத்தமாகப் பட்டது.

ஒரு குமிழ் போதவில்லை. பிள்ளைகள் களிமண்ணைப் பிசைந்து ஆளுக்கு ஒன்று செய்து, காய வைத்து, சிவப்பு அடித்தார்கள். இரண்டிரண்டு பேராக எதிரும் புதிருமாக நின்று சுற்றினார்கள், கொடுத்தார்கள், ஒற்றைக் காலில் தள்ளாடினார்கள். தலைமையாசிரியர் தன் கையாலேயே போட்டோ எடுத்து அனுப்பிவைத்தார்.

பத்து நாளில் பதில் போட்டோ வந்தது. டீச்சர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒற்றைக் காலில் நின்றிருந்தார்கள். ஒவ்வொரு கையிலும் ஒரு குமிழ். களிமண் அல்ல, அசல் மரம். அதே கருஞ்சிவப்பு.

"பாத்தீங்களா சார்? வீட்டுக்கு வீடு வெச்சிருக்காங்க!" என்றார் டீச்சர். குரல் உறுதியாகத்தான் வந்தது.

அன்று வீட்டில் சாப்பிடும்போது கணவரிடம் மெல்லச் சொன்னார். "நான் சும்மா வாய்க்கு வந்ததச் சொன்னேங்க. அது நிஜமாப் போச்சு."

கணவர் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார். "அப்போ உனக்கு உள்ளுக்குள்ள தெரிஞ்சிருக்கு. உனக்குத் தெரியும்னு உனக்குத்தான் தெரியல."

டீச்சர் அதை யோசித்துப் பார்த்தார். அப்படியும் இருக்கலாம் என்றே தோன்றியது. அன்றிலிருந்து நடையில்கூட ஒரு மிதப்பு வந்துவிட்டது. பக்கத்து வகுப்பு ஆசிரியர்கள் சந்தேகம் கேட்க வந்தார்கள். இடது காலா, வலது காலா? காலையில் இடது, மதியத்துக்கு மேல் வலது என்று விளக்கினார்.

இந்த நிலையில்தான் அந்த ஊரிலிருந்து ஒரு டீச்சரும் எட்டுப் பிள்ளைகளும் நேரிலேயே வரப்போவதாகத் தகவல் வந்தது. மொழிபெயர்க்க ஓர் ஆளை ஏற்பாடு செய்தே தீர வேண்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டதால், தலைமையாசிரியர் அரை மனதோடு சம்மதித்தார். அந்த ஆள் விருந்தாளிகளின் பெட்டிகளோடு பின்னால் ஒரு வேனில் வந்துகொண்டிருந்தார். நடுவழியில் டயர் பஞ்சர். விருந்தாளிகளின் பஸ் முதலில் வந்து சேர்ந்தது.

வாசலில் பள்ளிக்கூடமே திரண்டிருந்தது. பஸ்ஸிலிருந்து உயரமான ஓர் அம்மாள் இறங்கினார். மூக்குக்கண்ணாடிக்கு மேலே நம் டீச்சரைக் கண்டதும், பையிலிருந்து ஒரு குமிழை எடுத்தார். நம் டீச்சரும் எடுத்தார். இருவரும் ஒரே நேரத்தில் மூன்று சுற்றுச் சுற்றினார்கள். ஒரே நேரத்தில் நீட்டினார்கள். ஒரே நேரத்தில் வாங்கிக்கொண்டு, ஒரே நேரத்தில் காலைத் தூக்கினார்கள். அவர்களைப் பார்த்து இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் தூக்கினார்கள். தலைமையாசிரியரும் தூக்கினார். டீ வாங்கி வந்த கிளார்க் டம்ளர் தட்டோடு அப்படியே ஒரு காலைத் தூக்கினார்.

இப்போது போதும் என்று யார் சொல்வது? அவர்கள் வழக்கம், அவர்களே சொல்லட்டும் என்று இந்தப் பக்கம் காத்திருந்தது. அந்தப் பக்கமும் ஏனோ பேசாமல் காத்திருந்தது. இருவர் முகத்திலும் புன்னகை மாறவில்லை. வெயில் ஏறியது. தலைமையாசிரியர் கனத்த உடம்புக்காரர். கொடிக் கம்பத்தை ஒரு விரலால் தொட்டுக்கொண்டார். "தொடலாமா டீச்சர்?" என்று உதடு அசையாமல் கேட்டார். "விரல்னா பரவால்ல சார்" என்று டீச்சரும் உதடு அசையாமல் சொன்னார். சின்னப் பிள்ளைகள் பொத்துப் பொத்தென்று விழுந்து, எழுந்து, மறுபடியும் காலைத் தூக்கினார்கள்.

வேன் வந்து நின்றது. மொழிபெயர்ப்பாளர் கையெல்லாம் கரியோடு இறங்கியவர், இரண்டு பக்கமும் பார்த்தார்.

"ஏங்க எல்லாரும் ஒத்தக் கால்ல நிக்கிறீங்க?"

"அவங்க ஊர் வழக்கம்ல?" என்றார் தலைமையாசிரியர். "போதும்னு அவங்க சொன்னாத்தான் நாங்க ஊன முடியும். கொஞ்சம் சொல்லச் சொல்லுங்க, புண்ணியமாப் போகும்."

மொழிபெயர்ப்பாளர் அந்த அம்மாளிடம் ஏதோ கேட்டார். அந்த அம்மாள் புருவத்தை உயர்த்திப் பதில் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் தலையைச் சொறிந்ததில் கரி நெற்றியிலும் ஏறியது.

"சார், இது உங்க ஊர் வழக்கமாம். உங்க போட்டோவப் பாத்துத்தான் அவங்க கத்துக்கிட்டாங்களாம்."

தலைமையாசிரியர் காலை ஊன்றினார். வரிசையாக எல்லாக் கால்களும் தரைக்கு வந்தன.

"அப்போ இந்தக் குமிழ்?"

மறுபடியும் கேள்வி போனது, பதில் வந்தது. "அது அலமாரிக் காலாம் சார். ஸ்டாஃப் ரூம் அலமாரியோட அடியில இருக்கறது. நம்ம ஊர்ல விருந்தாளி வந்தா அலமாரிக் காலக் குடுத்து வரவேற்கிறோம்னு போட்டோவுல பாத்தாங்களாம். நாம மதிக்காம யார் மதிப்பான்னு, அவங்க பள்ளிக்கூடத்துல இருக்கற எல்லா அலமாரியோட காலையும் கழட்டிட்டாங்களாம். இப்போ அங்க அலமாரியெல்லாம் தரையில உக்காந்திருக்காம்."

"ஆனா முதல் கால் அவங்க பெட்டியிலதானே வந்துச்சு?" என்றார் தலைமையாசிரியர்.

இதைக் கேட்டதும் அந்த அம்மாளின் கண்கள் அகன்றன. பெட்டி கட்டிய அன்று ஸ்டாஃப் ரூம் அலமாரியை நகர்த்தியதும், அன்றே அதற்கு ஒரு கால் காணாமல் போனதும், எல்லோரும் பெருக்குகிறவர் மேல் சந்தேகப்பட்டதும் அவருக்கு அப்போதுதான் ஒன்றோடொன்று பொருந்தியது. நம் டீச்சர் கொடுத்துத் தன் கையிலிருந்த பழைய குமிழைத் திருப்பிப் பார்த்து, காணாமல் போன பிள்ளை கிடைத்ததுபோல மார்போடு அணைத்துக்கொண்டார்.

நம் டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை. தலைமையாசிரியர் மெல்லத் திரும்பினார். "டீச்சர், வரவேற்புக் குமிழ்னு உங்களுக்கு யார் சொன்னா?"

அந்தச் சொல் எழுந்தது. தொண்டை வரைக்கும் வந்தது. வழக்கமான இடத்தில் படுத்துக்கொண்டது. அவர் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நிற்கும்போது, "எதுக்கு" என்று பெயர் வாங்கியவள் முன்னால் வந்து மொழிபெயர்ப்பாளரின் சட்டையை இழுத்தாள்.

"அலமாரிக் கால எதுக்கு நெத்தியில சுத்தறோம்னு அவங்க பிள்ளைங்க கேட்கலையா? கேட்டுச் சொல்லுங்க."

அவர் கேட்டார். அந்த அம்மாளுக்குக் கழுத்து வரை சிவந்தது. எட்டுப் பிள்ளைகளும் போட்டி போட்டுக்கொண்டு பதில் சொன்னார்கள்.

"கேட்டாங்களாம். இந்த நாட்டுல அலமாரி ரொம்ப மரியாதைக்குரியதுன்னு டீச்சர் சொன்னாங்களாம். ஒரு காலத்துல ஒரு பெரிய அலமாரிக்கு ஒரு கால் போயிடுச்சாம், அது நினைவாத்தான் நாம ஒத்தக் கால்ல நிக்கிறோமாம்."

நம் டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த அம்மாளை நன்றாகப் பார்த்தார். அந்த அம்மாளும் பார்த்தார்.

"தெரிஞ்சு சொன்னாங்களா, இல்ல வாய்க்கு வந்ததச் சொன்னாங்களான்னு கேளுங்க" என்றார் டீச்சர்.

மொழிபெயர்ப்பாளர் கேட்டுவிட்டுத் திரும்பினார். "தெரியும்னுதான் சொல்றாங்க."

டீச்சருக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்புக் கிளம்பியது. வாயைப் பொத்திப் பார்த்தார், நிற்கவில்லை. அந்த அம்மாளும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். தலைமையாசிரியருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கோபப்படலாமா என்று யோசித்து, பிறகு ஆறிப்போன டீயைக் குடித்தார்.

பிள்ளைகளுக்கு இந்த விசாரணை எதுவும் பொருட்டாகவே இல்லை. அதற்குள் இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் கலந்து, மைதானத்தில் ஒற்றைக் காலில் நின்று ஒருவரையொருவர் தள்ளிவிட ஆரம்பித்திருந்தார்கள். கால் ஊன்றியவர் அவுட். மாலை வரை நடந்தது. வாத்தியார் ஒருவர்கூடச் சொல்லித்தராமல் விதிகள் தாமாகவே உண்டாயின. சண்டை வந்தது, சமாதானமும் ஆயிற்று.

மொழிபெயர்ப்பாளர் டயருக்கு ஒட்டுப் போடப் போய்விட்டார். டீச்சர்கள் இருவரும் ஸ்டாஃப் ரூமில் தனியே இருந்தார்கள். அந்த அம்மாள் அவருடைய மொழியில் வெகுநேரம் பேசினார். நடுவில் ஜன்னலைக் காட்டினார், ஒரு முறை மூக்கைச் சிந்தினார், கடைசியில் சிரித்தார். நம் டீச்சர் வேண்டிய இடத்தில் "ஐயோ பாவம்" என்றார். பிறகு பஸ் நிறுத்தம், மரக்கடை, ஆற்றங்கரை எல்லாவற்றையும் தமிழில் சொன்னார். அந்த அம்மாள் ஒரு வார்த்தை விடாமல் தலையாட்டிக் கேட்டார்.

"என்னதான் சொன்னாங்க அவ்வளவு நேரம்?" என்று வீட்டில் கணவர் கேட்டார்.

"அவங்க தங்கச்சி கதைதான். ஒரு படகுக்காரர கட்டிக்கிட்டாளாம். மாமியாருக்குப் பிடிக்கலையாம். ஆனா வீட்டுல ஒரு நாய் இருக்கு பாருங்க, அது இவ பக்கமாம்."

"அடேயப்பா! ஒரே நாள்ல இவ்வளவு பாஷை கத்துக்கிட்டியா?"

"அதுல என்ன கஷ்டம்?" என்றார் டீச்சர்.

பாயை விரித்துக்கொண்டே, இந்நேரம் அந்த அம்மாளும் பஸ்ஸில் தன் பிள்ளைகளுக்கு இவருடைய கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார் என்று நினைத்தார். என்ன கதையோ. நன்றாகத்தான் இருக்கும்.