ஒப்புதல் என்ற சொல்லை அடித்தவர்

ஜெசிந்தா இறந்த செய்தி எனக்கு மைசூர் ஹெப்பாள் சிக்னலில் வந்தது. கம்பெனிப் பேருந்துகள் வரிசையாக நிற்கும் காலை நேரம். அவருடைய தங்கை ரீட்டா தொலைபேசியில் ஒரே வாக்கியம் சொன்னார்: "அக்கா இன்னிக்கு எழுந்திருக்கல சார்." வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, முதல் நாள் மாலை ஜெசிந்தா அனுப்பியிருந்த செய்தியைத் திறந்தேன். "வியாழக்கிழமை வாங்க. ஒரு சொல் பாக்கி இருக்கு." எந்தச் சொல் என்று நான் கேட்டிருக்கவில்லை. சரி என்று மட்டும் பதில் போட்டிருந்தேன். நிருபராகக் கேள்வி கேட்டே பிழைத்தவன் அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டேன்.

மைசூர்த் தமிழர்கள் பலர் அவரை நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக அறிவார்கள். தமிழில் சாட்சி சொன்னவர்களின் பேச்சைக் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவர். அவர் உட்கார்ந்து பேசி நான் பார்த்ததே அபூர்வம். வீட்டுக் கூடத்தில் சன்னலுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருப்பார்; காபி ஆறிக்கொண்டே இருக்கும். காலை ஆறு மணிக்கு அழைத்து, வணக்கம்கூடச் சொல்லாமல், "சார், பயன் வேறயா, பலன் வேறயா?" என்பார். தூக்கம் கலையாத நான் ஏதாவது உளறினால், "ஹௌதா, அப்படியா? யோசிச்சுச் சொல்லுங்க, அஞ்சு நிமிஷத்துல கூப்பிடறேன்" என்று வைத்துவிடுவார். சரியாக ஐந்தாவது நிமிடம் மணி அடிக்கும்.

அந்தச் சொற்களெல்லாம் ஒரே வேலையிலிருந்து வந்தவை. உயிரினப் பன்மையைக் காக்க உலக நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கையையும் அதன் வழி வந்த நம் சட்டத்தையும், ஹனூருக்கு அப்பால் காட்டோரத்தில் உள்ள தமிழ் விவசாயக் குடும்பங்களுக்குப் புரியும் கையேடாக எழுதித் தரும்படி ஒரு சிறு தன்னார்வக் குழு அவரைக் கேட்டிருந்தது. காட்டுச் செடியையோ அதைப் பற்றி ஊர்க்காரர்களுக்குத் தெரிந்ததையோ வெளியார் எடுப்பதானால், முதலில் விளக்கிச் சொல்லி இசைவு பெற வேண்டும், வரும் பலனில் பங்கு தர வேண்டும் என்பது சாரம். ஊருக்கு ஒரு குழு, அங்குள்ள செடிகொடிகளை எழுதி வைக்க ஒரு பதிவேடு. "எங்கேயோ ஏசி ரூம்ல உக்காந்து எழுதினத மாதப்பன் வீட்டு வாசல்ல படிக்கணும். நடுவுல நான் ஒருத்தி மாட்டிக்கிட்டேன்" என்பார் ஜெசிந்தா.

மாதப்பன் அந்த ஊர்க் குழுவின் தலைவர்; ராகியும் சோளமும் விதைக்கிறவர். கையேட்டின் முதல் கூட்டம் அவர் ஊர்ப் பள்ளிக் கட்டடத்தில் நடந்தது. செய்தி எழுத நானும் போயிருந்தேன். "முன்னறிவுடன் கூடிய ஒப்புதல்" என்ற இடத்தை ஜெசிந்தா வாசித்ததும் பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். பிறகு இன்னொருவர். மாதப்பன் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஏனுங்க மேடம், ஒப்புதல்னா போலீஸ் டேசன்ல எழுதி வாங்கறதுதானுங்களே? காட்டுல கெழங்கு தோண்டுனோம்னு நாங்களே எழுதிக் குடுக்கோணுங்களா?"

பின்னால் ஒரு பெண்: "மொதல்ல ஒப்புக்கோன்னுவாங்க, அப்பறம் ஜீப்பு வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் எழுந்தவர்கள் யாரும் திரும்ப உட்காரவில்லை.

ஜெசிந்தா அசையாமல் நின்றதை அன்றுதான் பார்த்தேன். எத்தனையோ ஒப்புதல் வாக்குமூலங்களைத் தட்டச்சு செய்த கை அது. அந்தச் சொல் ஊருக்குள் எதைக் கூட்டிக்கொண்டு வரும் என்பது அவருக்கே தோன்றாமல் போயிருந்தது. கையேடுகளை ஒவ்வொருவரிடமும் திரும்ப வாங்கினார். கொள்ளேகால் பேருந்தில், குலுங்கக் குலுங்க, ஒவ்வொரு பிரதியிலும் அந்தச் சொல்லைச் சிவப்புப் பேனாவால் அடித்துக்கொண்டே வந்தார். பரீட்சைப் பேப்பரா என்று நடத்துனர் கன்னடத்தில் கேட்டார். "ஹௌது. நானே எழுதினேன், நானே ஃபெயில்" என்றார்.

அடுத்த பதிப்பில் அந்த இடத்தில் இப்படி இருந்தது: "முன்பே வந்து, விளங்கச் சொல்லி, கேட்டு வாங்கும் சம்மதம். வேண்டாம் என்றும் சொல்லலாம்." நீளமாக இருக்கிறது, கடைசி வாக்கியம் மூலத்தில் இல்லை என்று தன்னார்வக் குழுவினர் சொன்னார்கள். "நீளமா இருந்தா என்ன, பஸ் டிக்கெட்லயா அடிக்கிறோம்? வேண்டாம்னு சொல்ல முடியாட்டி அதுக்குப் பேரு சம்மதமா?" என்றார் ஜெசிந்தா.

இனி என் தவற்றைச் சொல்ல வேண்டும். அந்த முதல் பயணத்தில் மாதப்பன் எனக்கு மாகாளிக்கிழங்குக் கொடிகளைக் காட்டினார். மைசூரிலும் மேல்கோட்டையிலும் அந்தக் கிழங்கு ஊறுகாய்க்கு உள்ள மதிப்பு வாசகர்களுக்குத் தெரியும். காட்டில் அது குறைந்து வருவதை எழுதினேன். என் வழக்கப்படி எல்லாவற்றையும் சரிபார்த்தேன்: மாதப்பனின் பெயர், ஓடையின் பெயர், அதன் எந்தக் கரை. கட்டுரை வந்த சில வாரங்களில் டெம்போவில் யாரோ வந்து அந்தக் கரையைத் தோண்டிப் போட்டுவிட்டுப் போனார்கள்.

ஜெசிந்தா ஆறு மணிக்கு அழைத்தார். "அவங்கள கேட்டீங்களா?"

"பேரையெல்லாம் எழுத்துக் கூட்டிக் கேட்டுத்தான் எழுதினேன்."

"அல்ல சார், அதச் சொல்லல. பேப்பர்ல போடலாமான்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை என்றேன். "உடன்படிக்கையில கையெழுத்துப் போட்டது நாடுங்க. பேப்பர்காரங்க இல்ல. அதனால நீங்க தப்பிச்சீங்க" என்றார். அதற்குப் பிறகு பல இரவுகள் நான் சரியாகத் தூங்கவில்லை.

இருவருமாகத்தான் மன்னிப்புக் கேட்கப் போனோம். மாதப்பன் கோபப்படவில்லை. "நாங்க வேர்ல கொஞ்சம் விட்டுப்போட்டுத்தானுங்க எடுப்போம். வந்தவனுக கொடியோட புடுங்கிட்டுப் போயிட்டானுக" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "எம்பேரு சரியா இருந்துதுங்க. ஓடைப் பேருஞ் சரியாத்தான் இருந்துது. அதையாச்சும் தப்பா எழுதியிருக்கலாமுங்க" என்றார்.

இத்தனை வருடத் தொழிலில் எனக்கு விழுந்த அடிகளில் இன்னும் வலிப்பது அதுதான்.

அன்று மாதப்பன் எங்களை வேறொரு சரிவுக்குக் கூட்டிப்போனார். அங்கே கொடி தழைத்திருந்தது. "மேடம் வந்தாங்கன்னு காட்டறேனுங்க. நீங்க கூட வர்றீங்க, அவ்வளவுதான்." ஜெசிந்தா கொடியைத் தொடாமல், அதைச் சுற்றிச் சுற்றி நடந்தார். நான் குறிப்பேட்டைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் ரீட்டா ஒரு பெரிய நோட்டை என்னிடம் தந்தார். ஜெசிந்தா எழுதிவந்த, மாதப்பன் ஊரின் பதிவேடு: ஒரு பக்கம் தமிழ், எதிர்ப்பக்கம் கன்னடம். அடுத்த வாரம் அதை மேலிடத்தில் ஒப்படைக்க வேண்டும். கட்டங்கள் எல்லாம் நிறைந்திருந்தன. மாகாளிக்கிழங்குக்கு நேராக, "கிடைக்கும் இடம்" என்ற கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. ஓரத்தில் பென்சிலால், "சாருக்குத் தெரியும். ஆனா கேக்கணும்" என்று எழுதியிருந்தார்.

பாக்கி இருந்த சொல் அந்தச் சரிவின் பெயர்தான். என் பேனா சட்டைப்பையில்தான் இருந்தது. எழுதினால் பதிவேடு முழுமையாகும். அந்தச் சரிவும் எத்தனையோ மேசைகளுக்குப் போய்ச் சேரும்.

ஜெசிந்தா வரச் சொன்ன வியாழக்கிழமையே பேருந்து ஏறினேன். மாதப்பன் களத்தில் ராகி காயவைத்துக்கொண்டிருந்தார். செய்தி அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. நோட்டை விரித்து அந்தக் கட்டத்தைக் காட்டி, அது யார் யார் கைக்குப் போகும், எழுதினால் என்ன, எழுதாவிட்டால் என்ன என்று விளக்கிச் சொன்னேன். அவர் வீட்டுக்குள் போய் மனைவியிடம் பேசினார். பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டார். ஒரு மணி நேரம் ஆயிற்று.

"வேண்டாங்க. அது காலியாவே கெடக்கட்டும்."

பென்சில் வரியை மட்டும் அழித்தேன். புறப்படும்போது, "மேடத்தப் பத்தி பேப்பர்ல எழுதுவீங்களா?" என்று கேட்டார். எழுதுவேன் என்றேன். அவர் பேரையும் ஊர்ப் பேரையும் போடலாமா என்று கேட்டேன். ராகியைக் காலால் கிளறிவிட்டபடி யோசித்தார்.

"எம்பேரு போட்டுக்குங்க. ஊரு வேண்டாமுங்க."

ஜெசிந்தா இப்போது ஓய்வெடுக்கிறார் என்று பலர் ஆறுதலாகச் சொன்னார்கள். என்னால் அதை நம்ப முடியவில்லை. காலை ஆறு மணிக்கு இன்னும் விழித்துக்கொள்கிறேன். தொலைபேசியைப் பார்க்கிறேன். அவர் எனக்கு விட்டுப் போனது "கேட்டீங்களா?" என்ற ஒரே சொல். ஊர்ப் பெயர் எழுதாமல் நான் அச்சுக்குத் தரும் முதல் கட்டுரை இது. கேட்டேன். வேண்டாம் என்றார்கள்.