தவிட்டுக்கு விற்ற பிள்ளை

என் மூத்த மகனுக்கு அப்போது நான்கு வயது. அவன் தூங்கி எழுந்தால் வீட்டில் யாருக்கும் நிம்மதி கிடையாது. காரணமில்லாமல் அழுவான், கடிப்பான், சோற்றுத் தட்டை எட்டி உதைப்பான். பகலெல்லாம் சிடுசிடுப்பு. படுத்தால் வாயைப் பிளந்துகொண்டு குறட்டை விடுவான். இடையிடையே சத்தம் நின்று, பிறகு திணறிக்கொண்டு வரும்.

"அசந்துல்லா தூங்குதான், தூக்கத்துல ஒரு கொறையும் இல்ல" என்றார்கள் எல்லோரும். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆகவே குறை பெற்றவளின் ராசியில் என்று முடிவாயிற்று.

பெற்றவளுக்கு ஆகிவராத பிள்ளையைத் தவிட்டுக்கு விற்பது எங்கள் பக்கத்து வழக்கம். இராஜபாளையத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த என் மதினி, அதாவது என் கணவரின் அக்கா, ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டுக்கு வந்து, என் முந்தானையில் ஒரு படி தவிட்டைக் கொட்டிவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். அவளுக்குப் பிள்ளை கிடையாது. இனி அவளை அம்மா என்றும் என்னை அத்தை என்றும் அவன் கூப்பிட வேண்டும். பெயருக்குத்தான் விற்பனை, பிள்ளை பெற்றவளிடமேதான் வளரும். ஆனால் அவள், "கொஞ்ச நாள் எங்கிட்ட இருக்கட்டும் ஏட்டி" என்று வண்டியில் ஏற்றிப் போய்விட்டாள்.

அங்கிருந்து வந்தவர்கள் எல்லாம் ஒரே பாட்டுப் பாடினார்கள். பிள்ளை சிரிக்கிறானாம், சொன்ன பேச்சுக் கேட்கிறானாம். எனக்கு வயிறு எரிந்தது. பத்து மாதம் சுமந்தது நான், சிரிப்பு அவளுக்கா? மருந்து ஏதும் வைத்துவிட்டாளோ என்றுகூட எண்ணினேன். பொறுக்கமாட்டாமல் ஒருநாள் மாட்டுவண்டி பிடித்துப் போனேன்.

உச்சிவேளை. மதினி சுவரில் சாய்ந்து கால்நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவன் அவள் மார்பில் கவிழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். குறட்டைச் சத்தமே இல்லை.

"எப்பவும் இப்படித்தான் தூங்க வைக்கியளா மதினி?"

"ஆமா ஏட்டி. மல்லாக்கப் போட்டா மூச்சு முட்டுது, முழிச்சு முழிச்சுத் தவிக்கான். தூங்காத பிள்ள கடிக்காம என்ன செய்யும்? ராத்திரியும் இப்படித்தான் வச்சுக்கிடுதேன்."

அவள் கண்கள் சிவந்து கிடந்தன. அதைப் பார்த்து எனக்கு இரக்கம் வரவில்லை. இது எனக்குத் தோன்றாமல் அவளுக்குத் தோன்றிவிட்டதே என்று இன்னும் பொருமினேன்.

"கொடுங்க, நான் வச்சுக்கிடுதேன்" என்று வாங்கி, அவளைப் போலவே சாய்ந்து என் மார்பில் போட்டுக்கொண்டேன். அவள் அடுப்படிக்குப் போனாள். அவன் மூச்சு சீராக வந்தது. வெயில் தாழும்வரை நான் அசையவில்லை.

அவன் அழாமல் கண் விழித்தான். என் முகத்தைப் பார்த்து, பிறந்ததிலிருந்து முதல்முறையாக, தூங்கி எழுந்த கையோடு சிரித்தான்.

"அத்தை, அம்மா எங்க?" என்றான்.