கதவுக்குள் குலுங்கிய சத்தம்

அறுபதுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம், பம்பாயில் நடந்தது இது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, தாராவி மெயின் ரோட்டில் ஒரு குஷன் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கார் சீட்டுக்கு ரெக்சின் தைப்பது, கதவின் உள்பக்கத்து அட்டையை மாற்றுவது, கதவில் வரும் கடகட, கீச்கீச் சத்தங்களை நிறுத்துவது, இவைதான் வேலை. அந்தத் தொழிலில் எனக்கு அதுதான் முதல் மழைக்காலம்.

இயல்பிலேயே நான் பயந்த சுபாவம். ரோட்டில் ஒரு போலீஸ்காரர் தும்மினாலும் நம்மைத்தான் கூப்பிடுகிறாரோ என்று திரும்பிப் பார்க்கிற ரகம். அந்த மாதம் பயப்படுவதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்திருந்தது. ஆவணியில் எனக்குக் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள்.

பெண்ணின் அப்பாவும் தாராவிக்காரர்தான். தோல் பதனிடும் இடத்தில் வேலை. அப்போது பம்பாயில் மதுவிலக்கு இருந்தது. எங்கள் பக்கத்தில் கள்ளச்சாராயம் எப்படியெல்லாம் போகும் என்பது சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். சைக்கிள் டியூபில் போகும், வயிற்றில் கட்டிய ரப்பர் பையில் போகும், கார்க் கதவுக்குள்ளேயும் போகும். அவருடைய சொந்தத் தம்பியே அப்படிக் கொண்டுபோய்ப் பிடிபட்டு ஜெயிலுக்குப் போனவர். அந்த அவமானத்தில் மனிதர் ஊருக்கே போகாமல் இருந்தார். வெற்றிலை பாக்கு மாற்றிய அன்று என்னைத் தனியே கூப்பிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"மாப்ள, சாராயம்ங்கிற பேச்சு ஒங்க பேரோட சேந்து எங்காதுல விழுந்துச்சுன்னா, அன்னைக்கே சம்பந்தம் முறிஞ்சுது. பெறகு யாரு வந்து பேசினாலும் நான் கேக்க மாட்டேன்."

நான் பீடிகூடப் பிடிக்காதவன். ஆனாலும் அதைக் கேட்டதிலிருந்து சாராயம் என்ற வார்த்தை காதில் விழுந்தாலே அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுவேன். பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதை வெளியே சொன்னால் எங்கே தட்டிப்போய்விடுமோ என்று யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் காலை மாட்டுங்காவிலிருந்து ஒரு டாக்டரம்மா கடைக்கு வந்தார். பிரசவம் பார்க்கிறவர். ஒரு பழைய சாம்பல் நிறக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து, ஒரு டப்பா நிறையக் குலுங்கும் ஆணிகளைப் போல இடதுபக்கக் கதவு அடித்துக்கொள்ள, கடை வாசலில் நிறுத்தினார்.

"இந்தச் சத்தம் மண்டைக்குள்ளேயே அடிக்கறதுப்பா. டிரைவர் இருந்தவரைக்கும் பின்னால உக்காந்துண்டு பொறுத்துண்டேன். அவன் நின்னுட்டான். இப்ப நானே ஓட்டறேன், முடியலை" என்றார்.

எங்கள் முதலாளி காயல்பட்டினத்துப் பக்கத்து பாய். அவர் கடையில் ஒரு சட்டம் உண்டு. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காதால் கேட்காமல் அட்டையைக் கழற்றக்கூடாது. அட்டையைக் கழற்றிக் கழற்றி மாட்டினால் கிளிப் ஓட்டைகள் பெருத்துப்போய், இருந்த சத்தத்தோடு புதுச் சத்தமும் சேர்ந்துகொள்ளும். அதனால் வண்டிக்காரர் ஓட்ட, எங்களில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, கதவோடு காதை ஒட்டிக்கொண்டே போவோம். ஓரோர் இடமாகக் கையால் அழுத்திப் பார்ப்போம். எங்கே அழுத்தினால் சத்தம் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு.

"எலே, நீ போய்க் கேட்டுட்டு வா. கேக்காம கிளிப்புல கைய வச்சிராத" என்று முதலாளி என்னை அனுப்பினார். ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டு ஏறினேன்.

மழை சற்று ஓய்ந்திருந்தது. சயான் பக்கம் குண்டும் குழியுமான ரோட்டில் டாக்டரம்மா மெதுவாக ஓட்டினார். நான் கதவோடு கன்னத்தை ஒட்டிக்கொண்டு, அட்டையின் மூலைகளை அழுத்தினேன். நிற்கவில்லை. கைப்பிடிக்குக் கீழே அழுத்தினேன். நிற்கவில்லை. கடைசியில் கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தேன். கடகடவென்ற சத்தம் அடங்கிவிட்டது. உள்ளே அதோடு சேர்ந்த கம்பிதான் தளர்ந்து போயிருக்கிறது. பிடித்துவிட்டோம் என்று சந்தோஷப்பட்டேன்.

அந்த அமைதியில்தான் இன்னொரு சத்தம் கேட்டது.

களக். வண்டி பிரேக் போட்டபோது ஒரு களக். கிளம்பியபோது பின்பக்கமாக ஒரு களக். கதவுக்குள் ஏதோ திரவம் குலுங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு நேரம் கம்பியின் சத்தத்துக்குப் பின்னால் அது ஒளிந்திருந்திருக்கிறது.

கார்க் கதவுக்குள் போகிற சரக்கு எதுவென்று எனக்குத் தெரியும். கன்னத்தைக் கதவிலிருந்து எடுக்கவும் பயம், வைத்திருக்கவும் பயம். இந்த அம்மாவுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்திருந்தால், தெரிந்தது போல நான் காட்டிக்கொள்ளக்கூடாது. தெரியாதிருந்தால், இதைச் சொல்லி அவரை ஓட்டமுடியாமல் செய்துவிடக்கூடாது. எப்படியாவது கடைக்குப் போய்ச் சேர்ந்து முதலாளி தலையில் போட்டுவிட்டால் போதும் என்று இருந்தது.

"சத்தம் கெடச்சிருச்சும்மா, கடைக்குப் போயிருவோம்" என்றேன்.

"ஏம்ப்பா, முகம் ஏன் இப்படி வெளுத்துப் போயிருக்கு? வண்டி குலுக்கல் ஒத்துக்கலையா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. தாராவிக்குத் திரும்பும் முனையில் போலீஸ் நின்றிருந்தது. வருகிற வண்டிகளையெல்லாம் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வண்டியையும் ஓரங்கட்டச் சொன்னார்கள். ஒரு ஹவல்தார் வந்து என்னைக் கீழே இறங்கச் சொன்னார். கதவை எவ்வளவு மெதுவாகத் திறக்க முடியுமோ அவ்வளவு மெதுவாகத் திறந்து இறங்கினேன். அதுவே அவருக்குச் சந்தேகம் கொடுத்திருக்க வேண்டும். கதவைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டினார்.

களக், களக்.

"அந்தர் க்யா ஹை?" என்றார். உள்ளே என்ன என்று கேட்கிறார். எந்த ஊர் என்று அடுத்துக் கேட்டார். தாராவி என்றேன். அந்தப் பெயரைக் கேட்டதும் அவர் கை என் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டது.

மழைக்கு ஒதுங்கி நின்றவர்கள் எல்லாம் சூழ்ந்துகொண்டார்கள். அதில் பாதிப் பேர் நம் ஆட்கள். "சாராயம், சாராயம்" என்ற முணுமுணுப்பு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போனது. தலையைத் தூக்கினேன். கூட்டத்தின் ஓரத்தில், வேலைக்குப் போகிற வழியில், குடையைப் பிடித்துக்கொண்டு என் மாமனாராக வேண்டியவர் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். என் காலரில் இருந்த கையைப் பார்த்தார். குடையைச் சாய்த்துக்கொண்டு திரும்பி நடந்துவிட்டார். கத்திக் கூப்பிடுவதற்குள் கூட்டம் அவரை மறைத்துவிட்டது.

டாக்டரம்மா அதற்குள் இறங்கி இந்தப் பக்கம் வந்திருந்தார். கதவுக்குள் குலுங்கியதை அவரும் கேட்டுவிட்டார். அப்போது எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. வண்டி கடையில் கொஞ்ச நேரம் நின்றிருந்தது. தாராவிக் கடை. "இவங்கதான் எதையோ வச்சிருக்காங்க" என்று அந்த அம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். மாட்டுங்கா டாக்டரம்மா சொல்வதை நம்புவார்களா, என்னை நம்புவார்களா?

அவர் நேரே வந்து எனக்கும் ஹவல்தாருக்கும் நடுவில் நின்றார். ஹிந்தியில்தான் பேசினார். "வண்டி என்னுடையது. உள்ளே என்ன இருந்தாலும் அதற்கு நான்தான் பொறுப்பு. இந்தப் பிள்ளை சத்தத்தைச் சரிசெய்ய வந்தவன். காலரை விடுங்கள். என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்."

ஹவல்தார் காலரை விட்டுவிட்டுக் கதவைத் திறந்து காட்டச் சொன்னார். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். கை நடுங்கிய நடுக்கத்தில் அது திருகாணியின் தலையில் உட்காரவே மாட்டேன் என்றது. கைப்பிடியைக் கழற்றி, கிளிப் கிளிப்பாக நெம்பி, அட்டையை எடுத்தேன். ரப்பர் பை எதுவும் இல்லை. அடியில் கருகருவென்று ஓர் அடைப்பு தெரிந்தது. அதைக் குத்தியதுதான் தாமதம், பழுப்புத் தண்ணீர் பீறிட்டு வந்து ஹவல்தாரின் காலை நனைத்தது.

அவர் குனிந்தார். விரலால் தொட்டு முகர்ந்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு விரலைத் தன் கால்சட்டையிலேயே துடைத்தார்.

மழைத் தண்ணீர். முன்பு எப்போதோ யாரோ ஒரு ரிப்பேர்க்காரர், சத்தத்தை நிறுத்துகிறேன் என்று தேங்காய் நாரையும் தாரையும் குழைத்துக் கதவின் அடியில் அப்பியிருக்கிறார். கண்ணாடி இடுக்கு வழியாக இறங்கும் மழைத் தண்ணீர் வெளியே போக அடியில் இருக்கும் சின்ன ஓட்டைகள் அதில் அடைபட்டுவிட்டன. வேறு ஊர்க்காரனாக இருந்தால் மழைத் தண்ணீர் என்றுதான் முதலில் நினைத்திருப்பான். தாராவியில் இருந்தவனுக்குக் கதவுக்குள் ஏதாவது குலுங்கினால் அது சாராயமாக மட்டும்தான் இருக்க முடியும்.

ஹவல்தார் போகச் சொல்லிக் கையை வீசினார், கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரோட்டோரம் உட்கார்ந்து அழுதுவிட்டேன். என்னவென்று டாக்டரம்மா கேட்க, ஆவணிக் கல்யாணத்தையும், குடையோடு திரும்பிப் போனவரையும் சொல்லி முடித்தேன்.

"ஏறு வண்டியில" என்றார்.

அட்டையில்லாத கதவு ஆடிக்கொண்டே வர, தோல் பதனிடும் இடத்துக்குப் போனோம். சேற்றில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவரே உள்ளே நடந்தார். பெண்ணின் அப்பா முதலில் முகம் கொடுக்கவில்லை. நடந்ததையெல்லாம் கேட்ட பிறகும், "அவனுக்கு வேண்டி நீங்க பேசுதிய. நாளைக்கு ஊரு என்ன பேசும்?" என்றார்.

"ஊரு பேசட்டும். நீங்க ஒண்ணு யோசிச்சுப் பாருங்கோ. மழைத் தண்ணி குலுங்கறதைச் சாராயம்னு நெனச்சுப் பயந்து நடுங்கியிருக்கான் உங்க மாப்பிள்ளை. சாராயம் எப்படிக் குலுங்கும்னுகூடத் தெரியாத பிள்ளை. இதுக்கு மேல என்ன சர்ட்டிபிகேட் வேணும் உங்களுக்கு?"

பக்கத்தில் தோல் அலசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். அவர் என் சட்டையைப் பார்த்தார். பிறகு, "சட்டையெல்லாம் நனைஞ்சிருக்கு, வீட்டுக்குப் போய் மாத்துங்க மாப்ள" என்றார். மாப்ள என்ற அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கு மூச்சு திரும்ப வந்தது.

வேலை முடித்து வண்டியைக் கொடுக்க மாட்டுங்காவுக்கு நானே போனேன். அடைப்பையெல்லாம் சுரண்டி எடுத்து, கம்பிக்கு ஃபெல்ட் துணி சுற்றி, கதவு சாத்துவதே தெரியாதபடி செய்திருந்தேன். மனதில் இருந்ததைக் கேட்டேன்.

"தண்ணிதான்னு ஒங்களுக்கு முன்னமே தெரியுமாம்மா?"

"எங்க தெரியும்? நின்னுபோன டிரைவர் ராத்திரியில வண்டிய எடுத்துண்டு போவான்னு அக்கம்பக்கத்துல சொல்லியிருந்தா. அவன்தான் எதையோ வச்சுட்டான்னு நெனச்சேன். டாக்டர் வண்டியில சாராயம்னா அதுக்கப்புறம் எந்தப் பொண்ணு என்கிட்ட பிரசவத்துக்கு வருவா?"

"பயமா இல்லியாம்மா?"

"காலெல்லாம் நடுங்கித்துப்பா. நீ பார்க்கலையா?"

நான் பார்க்கவில்லை. அந்த ரோட்டில் நான் ஒருவன்தான் நடுங்கிக்கொண்டிருந்தேன் என்று நினைத்திருந்தேன்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ கார்க் கதவுகளைக் கழற்றி மாட்டிவிட்டேன். என் பயந்த சுபாவம் மட்டும் மாறவில்லை. ஆனால் கால் நடுங்க நடுங்கவே ஒருவருக்கு முன்னால் போய் நிற்க முடியும் என்பதை அந்த டாக்டரம்மாவிடம் தெரிந்துகொண்டுவிட்டதால், யாருக்காவது துணை நிற்க வேண்டிய நேரத்தில் என் பயத்தை ஒரு சாக்காகச் சொல்ல எனக்கு இன்றுவரை வாய் வருவதில்லை.