பி பக்கத்தின் கடைசிப் பாட்டு

எங்கள் அத்தையின் பாட்டுகளை ஒருநாள் நான் இசைத்தட்டாகக் காசு கொடுத்து வாங்குவேன் என்று அந்தக் காலத்தில் யாராவது சொல்லியிருந்தால், அப்பா வயிறு வலிக்கச் சிரித்திருப்பார். போன மாதம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்னக் கடையில் அதைப் பார்த்தேன். அத்தையும் அவளுடைய கூட்டாளியும் போட்ட கேசட்டுகளிலிருந்து பி பக்கப் பாட்டுகளை மட்டும் பொறுக்கி எடுத்துத் தொகுத்திருந்தார்கள். கடைப் பையன் அதை எனக்கு அறிமுகப்படுத்தத் தொடங்கினான். நான் தேமே என்று கேட்டுக்கொண்டு நின்றேன்.

இரண்டே பேர்தான் குழு. அத்தை பாடுவாள், அவர் கீபோர்டு வாசிப்பார். டிரம்ஸ் அடிக்கவும் ஆள் கிடையாது, அதை ஒரு மெஷின் பார்த்துக்கொள்ளும். ஏ பக்கம் முழுக்கக் கல்யாண விருந்தில் ஆடுவதற்கான பாட்டுகள், கேசட் கடைக்காரர் கேட்டபடி. பி பக்கம் மட்டும் அவர்கள் இஷ்டம். அந்தப் பாட்டுகள் மெதுவாக, தமக்குத் தாமே பேசிக்கொள்கிற மாதிரி இருக்கும். அவற்றுக்கு ஆட முடியாது. அதனால் யாரும் கேட்டதுமில்லை.

கல்யாணமாகாத பெண் ஒரு ஆணோடு அறைக்குள் உட்கார்ந்து பாடுவதை எங்கள் வீடு ஒரே ஒரு நிபந்தனையின் பேரில் பொறுத்துக்கொண்டது: கூட நான் போக வேண்டும். எனக்கு அப்போது ஒன்பது வயது. கிள்ளானில் ரயில் ஏறி பிரிக்பீல்ட்ஸில் அவர் வீட்டுப் பின்னறைக்குப் போவோம். நான் காவலுக்குப் போகிறேன் என்பது எனக்குத் தெரியாது. அவர் வாங்கித் தரும் ஐஸ் மைலோவுக்காகப் போகிறேன் என்றே நினைத்திருந்தேன். அவர் யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பாவும் தாத்தாவும் அரசாங்க வேலையில் இருந்தவர்கள். நாங்கள் பண்டமாரானில் லோரி ஓட்டிப் பிழைத்தவர்கள். அத்தையோடு அவர் பேசியதைவிட மெஷினோடு பேசியதுதான் அதிகம்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தக் கேசட் வந்தாலும் ஏ பக்கம் பாட்டுக்கு, பி பக்கம் அப்பாவுக்கு. அப்பா கோயில் கமிட்டியில் இருந்தார். கூட்டத்தில் பேசவேண்டியதை முதலில் கேசட் ரேடியோவில் பதிவு செய்து, தானே கேட்டு, தானே தலையாட்டுவார். கேசட்டின் மேல் ஓட்டையில் செல்லோடேப்பை ஒட்டிவிட்டால் எந்தப் பாட்டின்மேலும் பதியலாம். தன் தங்கை பாடிய பாட்டுக்கும் அவர் விதிவிலக்கு வைக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னறையில், புதுக் கேசட் கடைக்குப் போகுமுன் எடுத்த ஒரு பிரதியைக் கூட்டாளி அத்தையிடம் கொடுத்தார். "பி சைடு கடைசிப் பாட்ட வீட்ல போய் கேளுங்க. முடிவ கொஞ்சம் மாத்தியிருக்கேன்," என்றார். பிறகு மெஷினைப் பார்த்துக்கொண்டே, "ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வரேன்," என்றார்.

வீட்டுக்கு வருகிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று அத்தைக்குத் தெரிந்திருந்தது. ரயிலில் கைப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தாள். அம்மா திரைச்சீலைகளைக் கழற்றித் துவைத்தாள். யாரும் இல்லாதபோது நிதானமாகக் கேட்கலாம் என்று கேசட்டை ரேடியோ பக்கத்தில் வைத்துவிட்டு, மறுநாள் அத்தை வேலைக்குப் போனாள். திரும்பி வந்து பி பக்கத்தைப் போட்டால், அப்பா பேசினார். "பெரியோர்களே, தாய்மார்களே!" கோயில் வாசலில் காடி நிறுத்துவதைப் பற்றி நீளமாகப் பேசினார்.

அத்தை தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "போனா போது லா. நான் பாடுனதுதானே, எனக்குத் தெரியாத பாட்டா? ஒரிஜினல் அவர்கிட்ட இருக்கும்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு பை நிறைய ஆரஞ்சோடு வந்தார். சட்டை புதிது, காலில் சப்பாத்தும் புதிது. கதவைத் திறந்த அத்தையிடம் ஒரு வேடிக்கையான கேள்வி கேட்டார். "சப்பாத்த உள்ள விடவா, வெளியில விடவா?"

இந்த ஊரில் யார் வீட்டுக்குள் சப்பாத்தை விடுகிறார்கள்?

"வெளியிலயே விடுங்க, யாரும் எடுக்க மாட்டாங்க," என்றாள் அத்தை. அவர் முகத்திலிருந்த சிரிப்பு குறைந்தது. சப்பாத்து தொலைந்துவிடுமோ என்று பயப்படுகிறார் போல, படித்தவர் இவ்வளவு கஞ்சமா என்று எனக்குத் தோன்றியது.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஏ பக்கத்தில் ஒரு பாட்டைப் போட்டுப் பாராட்டிவிட்டு, உடனே கேசட்டைத் திருப்பினார். "இந்தப் பக்கம் நம்ம ஸ்பீச்சு தம்பி. நீங்க படிச்சவங்க, கேட்டுட்டு ஒரு வார்த்த சொல்லுங்க."

"இதுல ஒரு பாட்டு இருந்திச்சே அண்ணே?"

"பி சைடுதானே தம்பி, அத யாரு லா கேக்கறா? தங்கச்சியே ஒன்னும் சொல்லல."

அவர் அத்தையைப் பார்த்தார். தேநீர்த் தட்டோடு நின்ற அத்தை வெட்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் அதன்பின் யாரையும் பார்க்கவில்லை. அப்பாவின் பேச்சைக் கடைசிவரை கேட்டார். "நல்லா இருக்கு அண்ணே," என்றார். தேநீரைக் குடித்துவிட்டு எழுந்துகொண்டார்.

கேசட் அந்தப் பாட்டு இல்லாமலே கடைக்கு வந்தது. அவர் மெல்பர்னில் இருந்த அண்ணனிடம் போய்விட்டார். பெரிய இடத்துப் பையன், கடைசி நேரத்தில் யோசித்துவிட்டான் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். அத்தையும் அதையே நம்பினாள். செமினியில் ஒரு நல்ல மனிதருக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். அவள் மறுபடி பாடவில்லை.

தொகுப்பை எடுத்துக்கொண்டு செமினிக்குப் போனேன். அதன் கடைசியில், அன்று கடைக்கு வராத அந்தப் பாட்டையும் மெல்பர்னிலிருந்து கிடைத்த ஒரிஜினலிலிருந்து எடுத்துச் சேர்த்திருந்தார்கள். தட்டைப் போட அத்தை வீட்டில் கருவி இல்லை. அதனால் கடைசிப் பாட்டை என் கைப்பேசியில் போட்டேன். மாமா வெளியே காடி கழுவிக்கொண்டிருந்தார். அத்தை கீரை ஆய்ந்தபடி கேட்டாள். தன் குரல் முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழப் போனாள். அப்போது அவர் குரல் வந்தது. அவர் பாடி நாங்கள் யாரும் கேட்டதில்லை. பாடத் தெரியாதவரின் குரல்.

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வருகிறேன், என் சப்பாத்தை உள்ளே விடவா, வெளியே விடவா? வெளியே என்று சொன்னால் புரிந்துகொள்வேன், மறுபடி கேட்க மாட்டேன்.

கைப்பேசி தானாக அணைந்தது. எனக்கு அப்பாமேல் ஆத்திரமாக வந்தது. போய்ச் சேர்ந்துவிட்டவர்மேல் ஆத்திரப்பட்டு என்ன செய்வது?

"நான் வெளியிலன்னுதானே சொன்னேன்?" என்றாள் அத்தை.

"எல்லாரும் வெளியிலதான் அத்த விடுவாங்க."

"ஆமா," என்றாள். கீரையை மறுபடி கையில் எடுத்துக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவரை வாசல்வரை வழியனுப்பியது நான்தான். திரும்பி வந்தபோது அத்தை சமையலறையில் ஒரு ஆரஞ்சை உரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"போறப்ப ஏதாச்சும் சொன்னாரா?" என்று கேட்டாள்.

"ஒன்னும் சொல்லல அத்த. சப்பாத்து போடத்தான் ரொம்ப நேரம் ஆச்சு. புதுசுல்ல, கடிக்குது போல. கண்ணெல்லாம் கலங்கிருச்சு," என்றேன்.