அண்டாவில் தெரிந்த சூரியன்

அண்ணா, காலனிப் பிள்ளைகளுக்கு நிலாவைக் காட்டாமல் அனுப்பியது நீதான். ஜெயங்கொண்டத்திலிருந்து தொலைநோக்கியை வரவழைத்து, பள்ளி மைதானத்துக்கு எல்லாரும் வாருங்கள் என்று மைக்கில் கூப்பிட்டதும் நீதான். வரிசையில் முன்னால் நின்ற அவர்களை, "இவங்க மூஞ்சி வெச்ச எடத்துல நம்ம புள்ளைங்க வெக்கணுமா? கடைசியா பாக்கட்டும்" என்று பின்னால் தள்ளினாய். அவர்கள் முறை வருவதற்குள் மேகம் மூடிவிட்டது.

நீ அதைச் சொன்னபோது எனக்குச் சாணித் தண்ணீர் வாசனை வந்தது. நம் சிறுவயதில் ஒரு சூரிய கிரகணத்தன்று, கண் கூசாமல் பார்ப்பதற்காக அப்பா வாசலில் பித்தளை அண்டாவில் சாணியைக் கரைத்து வைத்தார். அதில் கடித்த அப்பளம் போலச் சூரியன் மிதந்தது. நாம் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். காலனிப் பிள்ளைகளிடம் அப்பா, "அண்டாவத் தொட்டுடாதீங்கடா, எட்டியே நில்லுங்க" என்றார். கிரகணம் விட்ட பிறகே கூப்பிட்டார்.

"இது தெனம் பாக்குற சூரியந்தானுங்களே" என்றாள் ஒரு சிறுமி. அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

நேற்று மேகம் மூடியதும் அந்தப் பிள்ளைகளில் ஒரு பெண் உன்னிடம், "அப்ப எங்களுக்கு எப்ப சார்?" என்று கேட்டாள். நீயும் சிரித்தாய். அதே மைதானத்தில், அதே மைக்கில், ஊரே கேட்க அவளுக்குப் பதில் சொல்.