செசிலியம்மாளின் முகம்

பேரனின் அறைக்கு வண்ணமடிக்க வந்தவர்கள் திறந்துவைத்த டர்பன்டைன் வாசனை, ஆரணியில் நாங்கள் பூசைக்குப் போன, இப்போது இல்லாத அந்தச் சின்னக் கோயிலுக்கு என்னை இழுத்துப் போகிறது. அங்கே பீடத்தின் இடப்பக்கச் சுவரில், வேலூர் ஓவியர் ஒருவர் புனித செசிலியம்மாளை வரைந்தபோது, தறிக்காகக் குனிந்து பட்டு நூலைத் தாரில் சுற்றும் என் அக்காவின் கரிய முகத்தையே வைத்துவிட்டார். வீட்டில் நான்தான் சிவப்பு, அம்மாவின் செல்லம். அதே அம்மா ஞாயிறுதோறும் படத்தின் முன் மெழுகுவர்த்தி ஏற்றி, "எம் பொண்ணப் பாருங்க, எவ்ளோ களையா கீறா!" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னதை என்னால் பொறுக்க முடியவில்லை. பொறாமைதான், வேறொன்றுமில்லை.

பங்குச் சாமியாரிடம் போனேன். "சாமி, எல்லாரும் எங்க அக்காவக் கும்பிட்டுகினு கீறாங்க" என்றேன்.

அடுத்த ஞாயிறு, செபப் புத்தகத்துப் படத்தில் உள்ளதுபோல, சுவரில் வெள்ளை முகமும் நீலக் கண்களும் இருந்தன. அம்மா மெழுகுவர்த்தியை ஏற்றாமலே கையில் வைத்திருந்தாள். அக்கா நெடுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"இப்பத்தான்டா சாமி மாதிரி கீது."